நாலு போல்ட்டு

ஏழாம் பக்கம் வரைக்கும் பேனா நன்றாகத்தான் ஓடியது. எட்டாம் பக்கத்தில் நின்றுகொண்டது. மை தீர்ந்துவிட்டதோ என்று நாச்சிமுத்து உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். நீலமாகக் கோடு விழுந்தது, சனியன், மையெல்லாம் இருக்கிறது. கோர்ட்டு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி டைப்பிங் கடை என்கிற பேரில் ஒரு தகரக் கொட்டகை, மத்தியானம் ரெண்டே கால் மணி, தகரம் காய்கிற காய்ச்சலில் உள்ளே உட்கார்ந்தவன் வெந்துதான் வெளியே வரவேண்டும். வக்கீல் குமாஸ்தா தண்டபாணி பிராதுக் கட்டை அவன் முன்னால் போட்டு, "இருபத்தாறு பக்கமுங், ஒண்ணு விடாம அடியில கையெழுத்துப் போட்டு வையுங், நான் ஸ்டாம்பு வாங்கியாறேன்" என்று கிளம்பியவர், வாசலில் திரும்பி நின்று மிரட்டிவிட்டும் போனார்: "மூணு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்தாகோணும். செத்த தேதியிலிருந்து ரெண்டு வருசந்தான் கெடு, அது இன்னைக்கு முடியுது. நாளைக்கு நீங்க குட்டிக்கரணம் போட்டாலும் வாங்க மாட்டாங்க, பாத்துக்குங்." முதலாம் வாதி கோகிலவாணி. இரண்டாம் வாதி நாச்சிமுத்து. பிரதிவாதி தேங்காய்நார் மில்லு முதலாளி சிவசண்முகம். பிரதிவாதியின் அலட்சியத்தால் மிசினில் மாட்டிச் செத்தவள் துளசிமணி, முதலாம் வாதிக்கு அம்மா, இரண்டாம் வாதிக்குப் பெண்டாட்டி. சங்கதி இவ்வளவுதான், இதைச் சொல்ல இருபத்தாறு பக்கம்! துளசி மில்லில் வேலை செய்தவளில்லை என்பதால் லேபர் கோர்ட்டு ஆகாது, சிவிலில்தான் போடவேண்டும் என்று வக்கீலம்மா அதுக்கே மூன்று பக்கம் எழுதியிருந்தார். பக்கத்து ஸ்டூலில் மகள் கோகிலா, இருபத்திரண்டு வயசு, காலையிலேயே தன் பங்குக்கு இருபத்தாறும் போட்டு முடித்தவள், அப்பா போடப்போட ஒவ்வொரு தாளாக எடுத்து ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பால்பாயிண்டுப் பேனாவில் போட்டதை எதுக்கு ஊதவேண்டும்? அவளுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் அம்மாவும் அப்படித்தான்.

எட்டாம் பக்கத்தைப் பார்க்காமலிருக்க வெளியே பார்த்தான், வெளியே வேப்பமரத்தடியில் சிவசண்முகம் நின்றார். அவருக்கு வேறொரு வரப்புத் தகராறு, அந்த வழக்குக்கு இன்றைக்கு வாய்தாவாம், காலையில் தண்டபாணி போகிறபோக்கில் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் பட்டுக்கரைத் துண்டு, அன்று காலையில்தான் சவரம் செய்தாரோ என்னவோ, வழவழவென்று பிடரி. அந்தப் பிடரியைக் கண்டதும் நாச்சிமுத்துவின் கை தானாக மடியிலிருந்த மஞ்சப்பைக்குள் போயிற்று. உள்ளே ஸ்பேனர் கிடந்தது. இருபத்திநாலாம் நம்பர், முழத்துக்குக் கொஞ்சம் கம்மி, பிடித்தால் மணிக்கட்டு வரை கனம் ஏறும். காலையில் சட்டையைப் போட்டான், வாட்சைக் கட்டினான், ஸ்பேனரைப் பையில் போட்டான். எதுக்கென்று அவனுக்கே தெரியாது. இப்போது தெரிந்தது. எங்கே அடிப்பது? ஃபிட்டரய்யா அவன், துருப்பிடித்துப்போன எந்த இரும்பையும் எங்கே தட்டினால் விடும் என்று தெரிந்த கை அது. பிடரிக் குழியில் ஒன்று. ஆள் முன்னால் மடிந்து யாரென்று திரும்புவார், திரும்பும்போது நெற்றிப்பொட்டில் ஒன்று. மூக்குக் கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் போகும், போகட்டும். விழுந்தபிறகு வாயில். அந்த வாய் இன்னொருதரம் 'ஏப்பா நாச்சி' என்று கூப்பிடக் கூடாது, பல்லும் பேச்சுமாகத் தொண்டைக்குள் இறங்கவேண்டும். வக்கீல்கள் கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள், வரட்டும், அதுக்குள் இன்னும் நாலு அடி. இல்லை, ஸ்பேனர் வேண்டாம், அது சுலபமான சாவு. மில்லுக்கு இழுத்துப் போகவேண்டும். மட்டை அடிக்கிற மிசினை ஓடவிட்டு, அந்தப் பட்டுக்கரைத் துண்டின் ஒரு முனையைப் பெல்ட்டில் கொடுத்து, மறு முனையை அவர் கழுத்தில் முடிந்து, தள்ளி நின்று பார்க்கவேண்டும். எத்தனை சுற்றில் கழுத்து வந்து பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தில் இடிக்கிறது, எலும்பு விடுகிற சத்தம் மோட்டார் இரைச்சலுக்கு மேலே கேட்கிறதா இல்லையா என்று பார்க்கவேண்டும். கேட்கும். அது அவனுக்குத் தெரியும், ஒருதரம் கேட்டிருக்கிறான்.

"அப்பா, போடுங்கப்பா, மணியாகுதல்லோ" என்றாள் கோகிலா. "போடறன் சாமி" என்றான், போடவில்லை. கொட்டகை மூலையில் யாரும் தொடாத பழைய டைப்ரைட்டர் ஒன்று, இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தானே, அதன் நெற்றியில் போன வருசத்துச் சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் கறுத்துப்போய் இருந்தது. அடுத்த வாரம் ஆயுத பூஜை. துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். அந்தப் பொட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், நினைத்ததும் அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. நார் மில்லில் ஆயுத பூஜை என்றால் மிசினைக் குளிப்பாட்டுவார்கள். ஒட்டிக் கிடக்கிற நாரையெல்லாம் வழித்து, டீசல் போட்டுத் துடைத்து, பெல்ட் மூடியைக் கழட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உள்ளே இருக்கிற புல்லிக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்து மாலை சாத்துவார்கள். உழைக்கிறது புல்லி, அதை விட்டுவிட்டு மேலே கவிழ்த்த தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன புண்ணியம்? மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து, பொட்டோடும் மாலையோடும் மிசினை ஒரு ஓட்டு ஓட்டி நிறுத்தவேண்டும், அதுக்கப்புறம்தான் மூடி. பொட்டு ஓடாமல் மூடியைப் போட்டால் அந்த வருசம் மிசின் படுத்துக்கொள்ளும். எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, அந்தச் சுத்துப்பட்டில் எல்லா மில்லிலும் இப்படித்தான், ஒருத்தனும் ஏனென்று கேட்டதில்லை. வருசத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஓட்டு, மூடியில்லாமல். மூடிக்கு நாலு போல்ட்டு. மேலே ரெண்டு, கீழே ரெண்டு. இருபத்திநாலாம் நம்பர் ஸ்பேனர். மில்லில் ஃபிட்டர் ஒருத்தன்தான், பத்தொன்பது வருசமாக அந்த நாலையும் கழட்டினவன் அவன் ஒருத்தன்தான். மஞ்சப்பைக்குள் கை வியர்த்து ஸ்பேனர் வழுக்கியது.

"எந்தப் பக்கத்துல நிக்கிறீங்க?" கோகிலா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். விரல் வைத்து, பள்ளிக்கூடத்தில் படிக்கிறமாதிரி சத்தமாகப் படித்தாள். "பதினோராம் பத்தி. மேற்படி இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைப் பிரதிவாதியின் ஆட்கள் கழற்றிவிட்டு, திரும்பப் பொருத்தாமல், அருகில் ஆள் நிற்பதையும் கவனியாமல், அலட்சியமாக இயந்திரத்தை இயக்கிய காரணத்தால்." அங்கே நிறுத்தினாள். "ஆட்கள்னா ஆருங்கப்பா? இத்தன நாளாச்சு, உங்களுக்கு ஒருத்தன் பேருகூட நெனப்பு வல்லியா?" அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நாந்தான் மில்லுக்குப் பொறகால தண்ணித் தொட்டிகிட்ட இருந்தனல்லோ கண்ணு." எத்தனையாவது தடவை! முதல் தடவை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது, இப்போது வெண்ணெய் மாதிரி வருகிறது. தண்ணீர்த் தொட்டியைக்கூட அவன் கண்ணால் பார்க்கிறான், பாசி, தண்ணி மொள்ளுகிற பிளாஸ்டிக் மொகவை, எல்லாம் தெரிகிறது. மூடியைக் கழட்டுவது யார் வேலை என்று தெரிந்த வடக்கத்தி ஆட்கள் நாலு பேரும் அந்த வாரமே பயந்துபோய் ரயிலேறிவிட்டார்கள், கோகிலாவோ மில்லுக்குள் கால் வைத்தவளில்லை. "எவன் கழட்டுனானோ" என்றாள் கோகிலா, தாளைத் திருப்பி வைத்துக்கொண்டே, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற குரலில், "அவன் கையி அழுகித் துண்டு துண்டா உளுகோணும். அவன் கண்ணு முன்னால அவன் பொண்டாட்டி புள்ளைக்கு அப்படி ஆகோணும்." ரெண்டு வருசமாகச் சொல்கிறாள். சோறு போடும்போது சொல்வாள், அந்தக் கை நீட்டுகிற தட்டில்தான் போடுவாள். அடி பாவி மகளே, ஆயிப்போச்சடி, நீ கேட்டதெல்லாம் நீ கேட்கிறதுக்கு முன்னாலேயே அவனுக்கு ஆயிப்போச்சு.

கையைப் பார்த்தான். அழுகவில்லை. பெருவிரல் நகத்துக்கடியில் கிரீஸ்கூட அப்படியே இருந்தது. பெருவிரல்தான் மிசினின் பச்சைப் பித்தானை அமுக்கியது. அந்த விஜயதசமி திங்கட்கிழமை, ஏழரை மணிக்கு ராகு காலம், ஏழு இருபதுக்குத் துளசி பொரி கடலைத் தட்டோடும் சூடத்தோடும் வந்தாள், ஆட்களெல்லாம் எட்டுக்கு மேல்தான் வருவார்கள் என்பதால் மில்லில் மூன்றே பேர். புதுச் சேலை, பூஜைக்கென்று அவன் எடுத்துக் கொடுத்தது, ஊதா, பாலியஸ்டர். பருத்தியாயிருந்தால் கிழிந்து விட்டிருக்கும், போலீஸ்காரரே சொன்னார், "சேலை கிழிஞ்சிருந்தா பொழச்சிருக்கும்யா." அவள் பருத்திதான் கேட்டாள். கசங்கும், இதுதான் நல்லா உழைக்கும் என்று அவன்தான் சொன்னான். உழைத்தது! சிவசண்முகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கத்தினார், "ஏப்பா நாச்சி, நேரம் போவுது, போடப்பா சுவிச்ச." அவன் முதலாளி முகத்தைப் பார்த்தான். அதுதான், அதைத்தான் ரெண்டு வருசமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், மிசினைப் பார்க்காமல் முதலாளி முகத்தைப் பார்த்தான். புல்லியில் மாலை ஒருபக்கம் சரிந்திருந்தது. அவளுக்குக் கை சும்மா இருக்காதே, குனிந்து சரிசெய்யப் போனாள். பெருவிரல் அமுங்கியது. மாலை முதலில் போயிற்று, செவ்வந்தி இதழ் முகத்திலெல்லாம் அடித்தது, முந்தானை அதுக்கப்புறம், மூன்று சுற்று, மூன்றே சுற்று, அவள் கத்தக்கூட இல்லை, தலை புல்லியில் போய் ஒட்டிக்கொண்டது, பிறகு அந்தச் சத்தம். சிவப்புப் பித்தானை அடித்தான். அடித்தால் மோட்டார்தான் நிற்கும், புல்லி தன்பாட்டுக்கு எட்டுச் சுற்று சுற்றித்தான் அடங்கும். எட்டையும் நின்று பார்த்தான். அரிசிப்பொரி தரையெல்லாம் சிதறி, கொஞ்சம் கொஞ்சமாக ஊறிச் சிவந்து, கால் வைத்தால் நசுங்கியது. பெரியாஸ்பத்திரியில் பிணவறைக்குப் பின்னால் சிவசண்முகம் அவன் தோளில் கை போட்டார். "மூடி கழண்டு கெடந்துச்சு, அவ்வளவுதான். எவன் கழட்டுனான்னு நானும் சொல்லல, எவன் போடச் சொன்னான்னு நீயும் சொல்லாத." அவன் தலையை ஆட்டினான். செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தலையை ஆட்டினான், த்தூ.

"தண்ணி குடிச்சுட்டு வாரன் சாமி." பையோடு எழுந்தான். கொட்டகைக்கு வெளியே வெயில் மண்டையில் அறைந்தது. வேப்பமரம் இருபது எட்டு தூரம். பத்தாம் எட்டில் ஸ்பேனரின் கழுத்தைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான், துணி சுற்றியிருந்தால் பிடி வழுக்காது. காது விர்ரென்று இரைந்தது, மோட்டார் சத்தம். இப்போது, இந்த எட்டில், அவர் கிழக்கே பார்க்கும்போது, பிடரிக் குழியில். நசுக்கு. நாயை அடிக்கிறமாதிரி அடி. சிவசண்முகம் திரும்பிவிட்டார். பயப்படவில்லை. அதுதான் ஆளை எரித்தது, துளி பயமில்லை அந்த மூஞ்சியில், சொந்தக்காரனைக் கல்யாணத்தில் கண்டமாதிரி தலையை அசைத்தார். "வாப்பா நாச்சி, எளைச்சுப் போயிட்டயே. இன்னைக்குக் கேசு போடறயாமா? போடு போடு, ஒண்ணும் தப்பில்ல. இன்சூரன்சுக்காரன் பாத்துக்குவான். புள்ளைக்கு ஒரு வழியாகோணுமல்லோ." குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு எட்டு கிட்டே வந்தார். வாயில் பாக்கு வாசனை. "வக்கீல் நோட்டீசுல ஆட்கள்னு பொதுவாத்தானே எழுதியிருக்குது? அப்பிடியே இருக்கட்டும். பேரு கீரு வேண்டாம். அது உனக்கும் எனக்குந்தான் தெரியும், நம்மளோட போகட்டும்." உனக்கும் எனக்கும். பைக்குள் இரும்பு கையோடு சேர்ந்து எழும்பியது, விலா உயரம் வரைக்கும் எழும்பியது, அங்கே தொங்கியது. அட நாதாரி, என்று நாச்சிமுத்து தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான், துளசிக்காகவா நீ வந்தாய்? பொய் சொல்லாதே. தொட்டியடியில் நீ இல்லை என்று தெரிந்த மண்டை உலகத்தில் இது ஒன்றுதான். இதை உடைத்துவிட்டால் அந்தச் சங்கதி தெரிந்தவன் நீ ஒருத்தன். கோகிலா காலத்துக்கும் உனக்குச் சோறு போடுவாள். சாட்சியை அடிக்க வந்திருக்கிறாய், ஊதாச் சேலையைச் சாக்கு வைத்துக்கொண்டு. கை இறங்கியது. "உங்க தலையெழுத்து நல்லாருக்குதுங்க மொதலாளி" என்றான். அவர் ஒன்றும் விளங்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான், அதே இருபது எட்டு.

கொட்டகைக்குள் தண்டபாணி வந்துவிட்டிருந்தார், ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டே கூப்பாடு போட்டார், "என்னங் இது, எட்டுலயே நிக்கிது! மணி ரெண்டு முப்பத்தஞ்சு. வெளையாட்டா இருக்குதா உங்களுக்கு?" மேசை விசிறிக்குத் தாள்கள் படபடத்தன. கடைசிப் பக்கம் மேலே வந்து கிடந்தது, 'மேலே கண்ட சங்கதிகள் யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்று அச்சாகி, கீழே ரெண்டு கோடு, ஒன்றில் கோகிலாவின் கையெழுத்து, ஒன்று காலி. நாச்சிமுத்து உட்காரவில்லை. பையைக் கவிழ்த்தான், ஸ்பேனர் மேசையில் விழுந்த சத்தத்தில் தண்டபாணி ஒருதரம் துள்ளினார். "பதினொண்ணாம் பத்தி தப்புங் தண்டபாணி" என்றான். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "ஆட்கள் ஒருத்தரும் இல்லீங். மூடிய நான் கழட்டுனன். இந்த ஸ்பேனர்லதான். சுவிச்சு போட்டதும் நாந்தான். போடச் சொன்னது அவரு, பாக்காமப் போட்டது நானு." தண்டபாணி கையிலிருந்த ஸ்டாம்பைக் கீழே வைத்தார். "என்னங்... நீங்க வாதிங்! வாதி இப்பிடிச் சொன்னா கேசு நிக்குமா? அரை மணி நேரத்த வெச்சுக்கிட்டு... சாமி, வெயில் அடிச்சிருச்சா உங்களுக்கு?" நாச்சிமுத்து அவரைப் பார்க்கவில்லை. "தொட்டிகிட்ட நான் இல்ல கண்ணு" என்றான், மகளிடம்.

கோகிலா கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை, மடியில் ரெண்டு கையும் சும்மா கிடந்தன. பிறகு ஒரு கை எழுந்து ஸ்பேனரை எடுத்தது. கனம் அவள் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி போலிருக்கிறது, மணிக்கட்டு ஒருதரம் தொய்ந்து பிறகு நிமிர்ந்தது. நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். சட்டைக் காலரைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான், பிடரியில் விசிறிக் காற்றுப் பட்டது. போடு சாமி, என்று மனசுக்குள் சொன்னான், குழியில் போடு, அங்கே போட்டால்தான் விடும், அப்பன் சொல்லித் தருகிறேன். காதில் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். ஒன்று எண்ணினான், ரெண்டு எண்ணினான், எட்டு வரைக்கும் எண்ணினான். ஸ்பேனர் தாள்களின் மேல் வைக்கப்படுகிற சத்தம்தான் கேட்டது, படபடப்பு நின்றது. "அண்ணா" என்றாள் கோகிலா, குமாஸ்தாவிடம், "அப்பா கையெழுத்துப் போட்ட ஏழு பக்கத்தையும் இந்தப் பத்தி வர்ற பக்கத்தையும் கடசிப் பக்கத்தையும் மாத்தி அடிக்க எத்தன நேரமாவும்?" "பத்து நிமிசம்... அதுக்கு வக்கீலம்மாவக் கேக்கோணும் பாப்பா..." "போனப் போட்டுக் கேளுங். அடிச்சுக்கிட்டே கேளுங். ரெண்டாம் வாதி வேண்டாம், எடுத்துருங். நான் ஒருத்தியே போதும்." தண்டபாணி அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குசுகுசுவென்று ரெண்டு நிமிசம் பேசி, மூன்றுதரம் "சரிங்கம்மா" சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லு பாப்பா."

"பிரதிவாதி ஒண்ணு, மொதலாளி, அப்பிடியே இருக்கட்டும். அதுக்குக் கீழ பிரதிவாதி ரெண்டு." அவள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "நாச்சிமுத்து. அவிங்க அப்பா பேரு கருப்பண்ணன். வயசு நாப்பத்தொம்பது." தண்டபாணி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "விலாசம்?" என்றார், தலையைத் தூக்காமல். கோகிலா ஸ்பேனரை நகர்த்தி, பழைய முதல் பக்கத்தை எடுத்து, தன் பேருக்குக் கீழே இருக்கிற வரியில் விரல் வைத்துக் காட்டினாள். "இதேதானுங்" என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வீடுதானுங்."